முப்பத்தொன்றும் பத்தொன்பதும்

ராயப்பேட்டை,
சென்னை – 14.
17 ஆகஸ்ட் 1997

அன்புள்ள ஹம்சா,

எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அபர்தீனில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? போன கடிதத்தில் சளி என்று எழுதியிருந்தாய். மிளகு அனுப்பட்டுமா?

உன் கட்டுரை வந்த இதழ் வியாழக்கிழமை டிபார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தது. சுவாமிநாதன் சார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ரூமாகப் போய்க் காட்டினார். பின்னே, மூன்றாவது பெயர் அவருடையதாயிற்றே. உன் பெயர் முதலில், உன் புரொபசர் இரண்டாவது, நம் கைடு மூன்றாவது. என்னை எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'புழுக்களைச் சேகரித்துத் தந்த செல்வி நஸ்ருன்னிசாவுக்கு நன்றி'. நொச்சிக்குப்பத்தில் ஆறு மாதம் மீன் செவுளைக் கிளறினவளுக்கு ஒரு வரி. போகட்டும், சார் வாங்கிக் கொடுத்த மைசூர்பாகில் இரண்டு துண்டு சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா கேட்டார், "அந்தப் புழு எந்தப் புழுவுக்குச் சொந்தம்னு தெரிஞ்சு உங்களுக்கு என்னம்மா ஆகணும்?" அவர் கையில் இருந்த மணிமாலையையே காட்டிச் சொன்னேன். உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று, அதற்குள் சின்னதாக ஒரு வளையம், அதில் முப்பத்தாறு மரபணு மணி மணியாகக் கோத்திருக்கும். இரண்டு புழுவில் அந்த வரிசை ஒன்றாக இருந்தால் நெருங்கின சொந்தம், மாறியிருந்தால் தூரத்துச் சொந்தம். மீன் செவுளில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற நம் புழு, குடலில் குடித்தனம் நடத்துகிற நாடாப்புழுவுக்கு யாரும் நினைத்ததைவிட நெருங்கின சொந்தம் என்று ஹம்சா கண்டுபிடித்துவிட்டாள் என்றேன். "மாஷா அல்லா, அந்தப் பொண்ணு அப்பவே கெட்டிக்காரி" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

போன வருஷம் ஜூனில் இங்கே பேய்மழை. ஒரு படகு கடலுக்குப் போகவில்லை. அதே வாரத்தில் உன் கடிதம் வந்தது. 'ஐம்பது புழு வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால்தான் போதுமான டிஎன்ஏ கிடைக்கும், குறைந்தால் மெஷினில் என் முறை போய்விடும்' என்று எழுதியிருந்தாய். என்னிடம் வஞ்சரம் மீனிலிருந்து எடுத்தது முப்பத்தொன்றுதான் இருந்தது. மழை விட்டதும் பொன்மணி அக்காவிடம் போய் நின்றேன். (நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நிற்பாயே, அந்த மீன்காரம்மா.) "வஞ்சரம் எங்கம்மா கீது? சூரைதான் கீது. இதுவும் செவுளு, அதுவும் செவுளு. பூச்சி இன்னா பேரா சொல்லப் போவுது? எட்த்துகினு போ" என்றாள். சூரைச் செவுளில் பத்தொன்பது கிடைத்தது. எல்லாம் குஞ்சுப் புழு. மைக்ராஸ்கோப்பில் அதே முகம், அதே உடம்பு. ஒரே வகைதான் என்று நினைத்து ஐம்பதையும் ஒரே குழாயில் போட்டு, 'வஞ்சரம்' என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன். உனக்குக் குறையக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் ஹம்சா.

இப்போது என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்துக்காக வளர்ந்த புழுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். வாலில் இருக்கிற கொக்கிகள் வஞ்சரத்துப் புழுவில் ஒரு விதம், சூரைப் புழுவில் வேறு விதம். மூன்று தடவை எண்ணினேன். இரண்டும் வேறு வேறு. நீ இரண்டையும் சேர்த்து அரைத்திருக்கிறாய். பாதி மணி ஒன்றிலிருந்தும் பாதி மணி இன்னொன்றிலிருந்தும் வந்து, உலகத்தில் எந்தப் புழுவுக்கும் இல்லாத ஒரு வரிசையை நீ அச்சில் போட்டுவிட்டாய் என்று பயமாக இருக்கிறது.

தப்பு என்னுடையது. ஆனால் என் நிலைமையும் உனக்குத் தெரியும். ஜனவரி 31 எனக்குக் கடைசி நீட்டிப்பு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருஷமும் போச்சு, தி. நகர் காலேஜில் எனக்காகக் காத்திருக்கிற நிரந்தர வேலையும் போச்சு. இரண்டு புழு என்று எழுதினால் உன் கட்டுரையோடு மோதும். ஒரே புழு என்று எழுத எனக்குக் கை வராது. நீ சரிபார்த்து இரண்டு வரி எழுதினால் பிழைத்துக்கொள்வேன். ஈமெயில் வேண்டாம். இங்கே இருக்கிற ஒரே கனெக்‌ஷன் சார் ரூமில். எல்லாருக்கும் வருவதை அவர்தான் முதலில் படிக்கிறார்.

உன்
நஸ்ரு


அபர்தீன்
8 செப்டம்பர் 1997

என் அருமை நஸ்ரு,

மிளகு அனுப்பு. கூடவே கொஞ்சம் தைரியமும் கேட்கலாம் என்று பார்த்தால் உன்னிடமே ஸ்டாக் இல்லை போலிருக்கிறது.

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு, மழையில் ஒரு மைல் நடந்தேன். அசடே, பத்தொன்பது குஞ்சுப் புழுவுக்காகவா இத்தனை அழுகை? எம்.எஸ்ஸி. பிராக்டிகலில் கரப்பான்பூச்சியின் நரம்பு அறுந்துவிட்டது என்று ஊரைக் கூட்டி அழுதுவிட்டு, கடைசியில் முதல் மார்க் வாங்கினவள் நீ. சாயம் அதிகமானால் கொக்கி ஒன்று இரண்டாகத் தெரியும். கவர்ஸ்லிப் அழுத்தினால் வால் கோணிக்கொள்ளும். இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

உன் பெயரை நான்காவதாகப் போடச் சொன்னேன். சேகரித்தவர்களுக்கு நன்றி சொன்னால் போதும் என்றார் புரொபசர். இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நான் சரிபார்க்கிறேன். நிச்சயமாக. ஆனால் இப்போது முடியாது நஸ்ரு. பிப்ரவரியில் என் ஃபெலோஷிப்பை இன்னும் மூன்று வருஷம் நீட்டுவதா என்று முடிவு செய்கிறார்கள். இந்த ஒரு கட்டுரையை வைத்துத்தான். நீட்டவில்லை என்றால் நான் எங்கே போவேன்? மயிலாப்பூர் ஆத்துல என் ரூமில் இப்போ அண்ணாவும் மன்னியும் குழந்தைகளும். அச்யுத்தோடு குடித்தனம் பண்ணினது போதும் என்று விட்டுவிட்டு வந்து அங்கே நான் இருந்த எட்டு மாதத்தை நீ பார்த்தவள். வருகிறவர்களெல்லாம் துக்கம் விசாரிக்கிற குரலில் அம்மாவிடம் என்னைப் பற்றிப் பேசுவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பாட்டுப் பாடச் சொன்ன மாமிகள், அப்புறம் காபி டம்ளரைக்கூட என் கையிலிருந்து வாங்கவில்லை. அங்கே இன்னொரு தடவை போய் உட்கார என்னால் முடியாதுடீ.

பிப்ரவரி வரை பொறு. சாரிடம் மூச்சு விடாதே. என்மேல் உனக்குப் பிரியம் உண்டு என்பது நிஜமானால், இதை மட்டும் செய்.

என்றும் உன்
ஹம்சா


ராயப்பேட்டை
12 அக்டோபர் 1997

அன்புள்ள ஹம்சா,

பிப்ரவரி வரை பொறு என்கிறாய். எனக்குக் கெடு ஜனவரியில். உன் பிப்ரவரிக்காக என் ஜனவரியை நான் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பேன்?

மூச்சு விடாதே என்றாய். விட்டுவிட்டேன். சாயம் அதிகமாகிவிட்டதோ என்று நீ சொன்னதற்காக முப்பது புது ஸ்லைடு போட்டேன். அதே கொக்கி, அதே எண்ணிக்கை. வரைந்து பார்த்தேன். ஒரு தாள் நிறைய, இடப் பக்கம் வஞ்சரத்துப் புழு, வலப் பக்கம் சூரைப் புழு. சாரிடம் காட்டினேன். உன் குழாயைப் பற்றிச் சொல்லவில்லை, ஸ்லைடை மட்டும்தான் காட்டினேன். அவர் மைக்ராஸ்கோப் பக்கம் குனியவே இல்லை. "ஏம்மா, இன்டர்நேஷனல் ஜர்னல் தப்பு, உன் ஸ்லைடு ரைட்டா? சாயம் போட்டது நீ. சீக்வென்ஸ் போட்டது மெஷின். உலகம் எதை நம்பும்?" என்றார். அதற்கப்புறம் சிரித்துக்கொண்டே ஒரு சந்தோஷச் செய்தி சொன்னார். நம் யுனிவர்சிட்டியில் ஆய்வேட்டைத் திருத்த ஒரு வெளிநாட்டுக்காரர் கட்டாயம் வேண்டுமே, அதற்கு உன் புரொபசர் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். "நம்ம ஹம்சாவோட ஆள்தானே, சுலபமா முடிஞ்சிடும்."

புரிகிறதா ஹம்சா? உன் கட்டுரை தப்பு என்று நான் எழுதுவதை, அந்தக் கட்டுரையின் இரண்டாவது பெயர்க்காரர் திருத்தப் போகிறார். நீ அவரிடம் வாயைத் திறந்தால் ஒழிய, என்னைக் குப்பையில் போடுவார்.

அதனால் நானே ஒரு வழி செய்தேன். மறுபடி நொச்சிக்குப்பம் போனேன். நாற்பது புழு, இருபது வஞ்சரத்தில், இருபது சூரையில். இந்தத் தடவை ஒரு குழாயில் ஒரே ஒரு புழு. டிபார்ட்மென்டில் ஃபார்மலின்தான் இருக்கிறது, அதில் போட்டால் டிஎன்ஏ பாழாகிவிடும். சுத்தமான ஆல்கஹாலுக்கு அலையாத இடமில்லை. கடைசியில் இனாயத் சித்தப்பா தனக்குத் தெரிந்த ஒரு ரசாயனக் கடையில் பெர்மிட் வைத்து வாங்கிக் கொடுத்தார். "நம்ம குடும்பத்துல சாராயத்துக்கு அலைஞ்ச முதல் ஆள் நீதான் நஸ்ரு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டு உமர் ஃபாரூக் படிக்க லண்டன் போகிறான். பார்சலை அவனிடம் கொடுத்திருக்கிறேன், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவான். ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு புழுவைப் பார். முழு வளையமும் வேண்டாம், அடுத்தடுத்த நாலைந்து மணி தெரிந்தால் போதும், அதற்கு ஒரு புழுவின் டிஎன்ஏவே போதும். இரண்டு நாள் வேலை. ஒரே வகை என்று வந்தால் நான் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, சார் சொல்கிறபடி எழுதிவிடுகிறேன்.

உன்
நஸ்ரு


அபர்தீன்
20 நவம்பர் 1997

அன்பு நஸ்ருவுக்கு,

பார்சல் வந்தது. உன் நண்பன் கவனமாகத்தான் அனுப்பியிருக்கிறான், ஆனால் வழியில் மூடிகள் இளகி ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிட்டது. நாற்பதும் காய்ந்த சருகு. அப்படியும் நாலைந்தை எடுத்து அரைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். இந்தத் தடவை சார் சொல்கிறபடி எழுதிவிடு. யார் படிக்கப் போகிறார்கள்? நம் லைப்ரரியில் ஆய்வேடுகள் இருக்கிற அலமாரிக்குச் சாவி இருக்கிற இடமே யாருக்கும் தெரியாது. நீ டாக்டர் பட்டம் வாங்கு, வேலையில் சேர். ஒரு வருஷம் கழித்து நாம் இருவரும் சேர்ந்து ஒரு திருத்தம் எழுதலாம். அதில் உன் பெயர் முதலில்.

இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

ஹம்சா


ராயப்பேட்டை
14 டிசம்பர் 1997

ஹம்சா,

ஒவ்வொரு மூடிக்கும் நானே மெழுகு உருக்கி ஊற்றினேன். 'ஒரு சொட்டு ஒழுகவில்லை அக்கா, போஸ்ட் செய்வதற்கு முன் குலுக்கிப் பார்த்தேன்' என்று உமர் ஃபாரூக் எழுதியிருக்கிறான். உன்னைச் சந்தேகப்படுவதா, என் மெழுகைச் சந்தேகப்படுவதா? மெழுகைத்தான் சந்தேகப்படுகிறேன். உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

போன வாரம் லஸ் முனையில் பூத்துக்குப் போய் உன் லேபுக்கு ஃபோன் போட்டேன். உன் புரொபசர் எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் வரிசையில் நின்று என்னையே பார்க்கிறார்கள். 'ஹலோ, ஹலோ' என்கிறார் அவர். அந்த நிமிஷமே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் உன்னைக் காட்டிக் கொடுத்ததாகும். வைத்துவிட்டேன்.

மறுபடி நாற்பது புழு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். மழை, கடல் கொந்தளிப்பு, ஆல்கஹாலும் தீர்ந்தது. எடுத்தாலும் உன்னிடம் வந்து சேர நாளில்லை.

தி. நகர் காலேஜிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆய்வேடு கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் வேலையாம், ஜூனில் சேரலாம். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். முப்பத்து மூன்று வயதுப் பெண்ணை இன்னும் கட்டிக் கொடுக்காமல் படிக்க வைத்த பைத்தியக்காரன் என்று இத்தனை வருஷம் பேச்சுக் கேட்டவர். அவர் சட்டைப் பையில் கையை விடும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

நான் நான்காம் அத்தியாயத்தை 'இரண்டு புழு' என்றுதான் எழுதி முடித்திருக்கிறேன். படங்களோடு ஜனவரி நடுவில் பைண்டிங்குக்குப் போகிறது. நீ உன் புரொபசரிடம் ஒரு வார்த்தை சொல். 'புழுக்கள் கலந்திருக்கலாம் என்று சேகரித்தவள் சொல்கிறாள்' என்று சொன்னால் போதும். பழியை என்மேல் போடு, முழுசாகப் போடு. நான் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை ஹம்சா. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

நஸ்ரு


அபர்தீன்
27 ஜனவரி 1998

நஸ்ரு,

மூடிகள் இளகவில்லை. மெழுகைப் பெயர்க்க எனக்குக் கத்தி தேவைப்பட்டது.

நாற்பதையும் மெஷினில் ஓட்டினேன். நவம்பர் 12ஆம் தேதியே எனக்குத் தெரியும். இரண்டு புழு. வஞ்சரத்தில் மணிகளின் வரிசை ஒரு விதம், சூரையில் வேறு விதம், நான் அச்சில் போட்டது இரண்டிலும் இல்லை. நாடாப்புழுச் சொந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முடிவு பதிவான ஃபிலிமை மூன்று தடவை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, டிராயரில் போட்டுப் பூட்டினேன். எட்டு நாள் கழித்து உனக்குச் 'சருகு' என்று எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன், அதுதான் எனக்கே ஆச்சரியம்.

உன் டிசம்பர் கடிதம் ஒரு மாதமாக என் கோட்டுப் பையில் இருக்கிறது. 'உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டு எப்படிச் சோறு தின்பேன்' என்று எழுதியிருக்கிறாய். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இன்று காலை புரொபசர் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு ஃபிலிமாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு நாளாகத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். பதினோரு வாரம் என்றேன். புழு கலந்ததை மன்னிப்பாராம், பதினோரு வாரத்தை மன்னிக்க மாட்டாராம். ஃபெலோஷிப் நீட்டிப்பு இல்லை. ஜூன் கடைசி வரை இருக்கலாம். திருத்தக் கடிதம் ஜூலை இதழில் வரும். நம் சாருக்கும் அவரே எழுதுவார்.

உன் ஆய்வேடு வந்தால் அவர் அதைத் திறந்த மனதோடு படிப்பார், எனக்குத் தெரியும். நீ எழுதியதுதான் சரி என்று அவருக்கு இப்போது தெரியுமே. இந்நேரம் கொடுத்திருப்பாய். நீ டாக்டர் நஸ்ருன்னிசாடீ. என்னை மன்னிக்க வேண்டாம். மெல்ல யோசித்துச் சொல்.

உன்
ஹம்சா


ராயப்பேட்டை
29 ஜனவரி 1998

ஹம்சா,

இன்று மத்தியானம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். உன் தொல்லை தீர்ந்தது.

சார் கையெழுத்துப் போடவில்லை. கைடு கையெழுத்து இல்லாமல் யுனிவர்சிட்டி கவுண்டரில் வாங்க மாட்டார்கள். பத்து நாள் அவர் ரூம் வாசலில் நின்றேன். "என் பேர் போட்ட பேப்பரை என் ஸ்டூடன்டே தப்புன்னு சொன்னா நான் மூஞ்சியை எங்கே வெச்சுக்கறது? மாத்திட்டு வா" என்பதுதான் பதில். செவ்வாய்க்கிழமை அப்பா எனக்குத் தெரியாமல் அடையாறு டிபார்ட்மென்ட் வரை பஸ் ஏறி வந்து, சார் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் படி இறங்குவதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கச்சேரி ரோட்டு கம்ப்யூட்டர் சென்டரில் பதினொரு பக்கத்தை மாற்றி அடித்தேன். படம் இருந்த தாளை உருவி எடுத்தேன். 'ஐம்பதும் ஒரே வகைப் புழு, முன்பு வெளியான முடிவு உறுதியாகிறது' என்று என் கையால் எழுதினேன். நோன்பு மாதம். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், பச்சைப் பொய்யை வரிவரியாகச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் டைப் அடித்தாள். பசியோடு இருந்தால் மட்டும் நோன்பாகிவிடுமா? சார் இரண்டு நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார். படிக்கவே இல்லை.

நாளையோ மறுநாளோ பெருநாள். அப்பா எனக்குப் புதுப் புடவை வாங்கி வைத்திருக்கிறார். பார்சல் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தால் நீ என்னைக் கைவிட்டிருக்க மாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நஸ்ரு


அபர்தீன்
14 ஏப்ரல் 1998

நஸ்ரு,

இன்று நம் ஊரில் வருஷப் பிறப்பு. நான் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எழுதின இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அதுதான் நியாயம். ஆனால் இதற்கு நீ பதில் எழுதியே ஆக வேண்டும்.

உன் ஆய்வேடு வந்துவிட்டது. கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. புரொபசர் அதை என் மேஜையில் வைத்து, "இந்தப் பெண்ணின் வேலை உனக்குத்தான் தெரியும். அறிக்கையை நீ எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். நான்காம் அத்தியாயத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. படிவத்தில் மூன்று கட்டம். பட்டம் தரலாம் என்று முதல் கட்டம். திருத்தி மறுபடி தரலாம் என்று இரண்டாவது, ஆனால் பதிவு முடிந்தவர்களுக்கு அது கிடையாது என்று கீழே அடிக்குறிப்பு இருக்கிறது. உனக்கு ஜனவரியோடு முடிந்துவிட்டது. மூன்றாவது, நிராகரிக்கலாம்.

நான் முதல் கட்டத்தில் டிக் போடப் போகிறேன். கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவார், பக்கம் புரட்ட மாட்டார். திருத்தம் ஜூலையில்தான் வரும். அதற்குள் உனக்கு வைவா முடிந்து, தி. நகரில் சேர்ந்திருப்பாய். பிறகு யாராவது கேட்டால், உனக்கு அப்போது தெரியாது என்று சொல்லிவிடலாம். உன்னிடமிருந்து பிடுங்கியதைத் திருப்பித் தர எனக்கு வேறு வழியே இல்லை நஸ்ரு. இந்த ஒன்றையாவது செய்ய விடு. சரி என்று ஒரு வார்த்தை எழுது. மே கடைசிக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும்.

ஹம்சா


ராயப்பேட்டை
3 மே 1998

ஹம்சாவுக்கு,

உன் ஜனவரிக் கடிதம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி வந்தது. படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து அப்பா ஓடி வந்தார். மறுநாளே சாரிடம் போய் ஆய்வேட்டைத் திருப்பி வாங்க வேண்டும் என்றேன். அதற்குள் உன் புரொபசரின் கடிதம் அவருக்கும் வந்திருந்தது. "கொடுத்தது கொடுத்ததுதாம்மா. சீல் வெச்சு அனுப்பியாச்சு. நீயும் பேசாதே, நானும் பேசலை" என்றார். பேசாமல் வந்துவிட்டேன். உனக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. நான் பேசாமல் வந்துவிட்டதை உன்னிடம் சொல்ல வெட்கம்.

புழு கலந்தது என் தப்பு. நீ பயந்ததும் எனக்குப் புரிகிறது, அந்த எட்டு மாதத்தை உன் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். 'சருகு' என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 'பயமாக இருக்கிறது, சொல்ல மாட்டேன் போ' என்று எழுதியிருந்தால்கூட, என் ஸ்லைடு சரி என்று தெரிந்துகொண்டு இன்னும் இரண்டு நாள் சார் வாசலில் நின்றிருப்பேன். நீ என்னை என் கண்ணையே நம்பாதவளாக ஆக்கிவிட்டாய்.

உன் ஏப்ரல் கடிதம் வந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். ஐந்து நாள் 'சரி' என்று எழுதி எழுதிக் கிழித்தேன். புதன்கிழமை அடையாறுக்குப் போனேன். சார் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார், ரத்னா என்று பெயர், பட்டினப்பாக்கத்துப் பெண், அவள் வீட்டில் டிகிரி வாங்கின முதல் ஆள். என் ஆய்வேட்டின் நகலைக் கையில் கொடுத்து, நான்காம் அத்தியாயத்திலிருந்து தொடரச் சொல்லியிருக்கிறார். அவள் கண்ணெல்லாம் சிவந்து என்னிடம் வந்து, "அக்கா, ஒரே பூச்சின்னு போட்டுக்கீறீங்க. சூரைல நான் எடுக்கிறது வேற மாதிரி கீது. ஒரு மாசமா போட்டுகினே கீறேன், சரியா வரல. எனக்குத்தான் சாயம் போடத் தெர்லயாக்கா?" என்று கேட்டாள்.

அவளை உட்கார வைத்து, உருவி எடுத்த அந்தத் தாளை லேபில் இருக்கிற என் பீரோவிலிருந்து கொண்டுவந்து காட்டினேன். உன் சாயம் சரி, உன் கண் சரி, நான் எழுதினது பொய் என்று சொன்னேன். அவள் என்னை எப்படிப் பார்த்தாள் என்று உனக்கு எழுத மாட்டேன்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். காலேஜ் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மடிப்பை நீவி என் மேஜையில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டோம்.

மூன்றாவது கட்டத்தில் டிக் போடு. காரணம் என்ற இடத்தில், ஆய்வு செய்தவருக்கு உண்மை தெரிந்திருந்தும் மாற்றி எழுதியிருக்கிறார் என்று எழுது. இரக்கப்பட்டு முதல் கட்டத்தில் போட்டால், வைவாவில் எல்லார் முன்னாலும் நானே எழுந்து சொல்வேன். அதை விட இது உனக்கும் எனக்கும் மரியாதை.

அனுப்பின பிறகு படிவத்தின் நகல் ஒன்று எனக்கு வேண்டும். தபாலில் போடு. கூடக் கடிதம் வைக்காதே.

நஸ்ருன்னிசா